குடத்துக்குள் யார் பெயர்?

தோழர் ஒருவர் கேட்டார்: “வடகரைப் பக்கத்துல வேலைவெட்டி இல்லாம நிக்கிற பயலுவளுக்கு டிஎன்பிஎஸ்சி பாடம் நடத்துவியா, அதை விட்டுட்டுச் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆ ஊன்னு கத்தச் சொல்லிக் குடுக்கியாமே. இது என்னடே கூத்து?”

நியாயமான கேள்விதான். தென்காசிப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு அவருக்குச் சொன்ன பதில் அரைகுறை. மீதியை இங்கே எழுதுகிறேன். அவரும் படிப்பார்.

நடந்தது இதுதான். போன ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கின சமயம், காலனிக்கு மேற்கே நெல்லடிக்கிற களத்தில் 18 பேர் கூடினோம். கல்லூரி மாணவர்கள் பாதி, கூலி வேலைக்குப் போகிறவர்கள் பாதி. நாலு சார்ட் தாளில் கலர் பென்சிலால் கோடுகள் போட்டிருந்தோம்: ஏறுவது, இறங்குவது, நடுங்குவது, பாதியில் அறுந்து போவது. இடையிடையே மைத்திட்டுகள். ச ரி க ம கிடையாது. பாட்டு வரி கிடையாது. கோடு ஏறினால் குரல் ஏறும், தடித்தால் சத்தம் கூடும், திட்டு வந்தால் இருமலாம், நாக்கைச் சொடுக்கலாம், மாட்டை அதட்டலாம். எந்தக் கோட்டை யார் எடுப்பது, எத்தனை மூச்சு இழுப்பது, எந்தக் குரலில் என்பதையெல்லாம் ஒரு மண்குடத்தில் போட்ட சீட்டுகள் சொல்லும். வந்த சீட்டைத்தான் பாடணும். எனக்கு இது பிடிக்கலை, வேற குடு என்ற பேச்சுக்கு இடமில்லை. 20 நிமிஷம் நடந்தது. மலையிலிருந்து இறங்கின காற்று பாதிச் சத்தத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. வேடிக்கை பார்த்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சின்னப் பிள்ளைகள் மட்டும் உடனே புரிந்துகொண்டு எங்களைவிட நன்றாகக் கத்தினார்கள்.

இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்க இசைக்காரர் ஜான் கேஜ் 1951-இல் ‘மியூசிக் ஆஃப் சேஞ்சஸ்’ என்ற பியானோ இசையை எழுதியபோது, தன்னுடைய ரசனையைக் கழற்றி வைக்க ஒரு வழி தேடினார். ‘ஐ சிங்’ என்ற சீனத்துப் பழைய குறிநூல் கையில் கிடைத்திருந்தது. மூன்று காசுகளை ஆறு தடவை சுண்டினால் 64 உருக்களில் ஒன்று வரும். ஒலி, நீளம், அழுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு, காசு எந்தக் கட்டத்தைக் காட்டியதோ அதை எழுதினார். 1958-இல் மிலான் நகரத்தில் கேத்தி பெர்பெரியன் என்ற பாடகிக்காக ‘ஏரியா’ என்பதை எழுதினார். 20 பக்கம். அதில் ஸ்வரமே இல்லை. வண்ணக் கோடுகளும் கறுப்புச் சதுரங்களும்தான். கோடு குரலின் ஏற்ற இறக்கம். நிறம் எந்தப் பாணிக் குரல் என்பது. சதுரம் வந்தால் பாட்டோடு சேராத ஏதாவது ஒரு சத்தம். சொற்கள் ஆர்மீனியம், ருஷ்யம், இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று ஐந்து மொழிகளில் துண்டு துண்டாகக் கிடக்கும். இதற்குப் பிறகு வரைபடமாக இசையை எழுதுவதும், காசு சுண்டிப் பாடுவதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு மரபாகவே ஆகிவிட்டது.

இதில் நமக்கு என்ன இழவு இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நம் நாட்டில் குரலுக்கு எதிராகச் செய்யப்பட்ட ஏற்பாடுகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேதம் ஓதுவதை 2003-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாய்மொழிச் செல்வம் என்று அறிவித்தது. பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் புரட்டி ஓதுவது அந்த மரபு. ஓர் அசைகூட நழுவக்கூடாது, புதிதாக ஒன்று உள்ளே நுழைந்துவிடக்கூடாது என்பதற்காகச் செய்த வேலை அது. தற்செயலை அடியோடு ஒழிக்க மனிதன் கண்டுபிடித்த இசைமுறைகளில் இதற்கு மிஞ்சினது இருக்குமா தெரியாது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே மரபின் கௌதம தர்மசூத்திரம், வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதை ஈயத்தாலும் அரக்காலும் அடைக்கச் சொன்னது. ஓதினால் நாக்கை அறுக்கச் சொன்னது. சூத்திரனுக்கே அந்தக் கதி. நாம் கணக்கிலேயே வரவில்லை.

பேஷ்வாக்களின் புனே நகரத்தில் தீண்டப்படாதவர் எச்சிலைத் துப்பக் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் 1936-இல் எழுதினார். பம்பாய் ஆலைகளில் நம்மவர்களை நெசவுப் பிரிவில் சேர்க்க மறுத்தார்கள். அறுந்த நூலை வாயால் உறிஞ்சி இணைக்க வேண்டும், நம் எச்சில் பட்டால் தீட்டு. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதையும் ஒரு பிரச்சினையாகக் கிளப்பினார். வடகரைக்கு எட்டின தூரத்தில் இருக்கிற செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்தது. அந்த ராஜ்யத்தில் பாதையில் போகிற புலையர் தான் வருவதைக் கூவிச் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். கூவுவதற்குக் குரல் வேண்டும், பேசுவதற்கு வேண்டாம். இப்படி எச்சிலும் மூச்சும் சத்தமும் சட்டத்துக்குள் இருந்த நாடு இது. எந்த உடம்பிலிருந்து எந்தச் சத்தம் வரணும் என்று பிறப்பிலேயே எழுதி வைத்த ஒரு இசைக்குறிப்பு என்றும் சாதியைச் சொல்லலாம். பிறப்போ சுத்தமான தற்செயல். அதைச் சட்டமாக்கினவர்கள் மத்தியில் நின்றுகொண்டு, என் குரல் எதுவென்று இந்தச் சீட்டு சொல்லட்டும் என்று ஒருவன் சொன்னால் அதில் ஒரு கலகம் இருக்கிறது. களத்தில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான்.

ஆனால் குடத்தைக் கண்டதும் மயங்கிவிடக்கூடாது. நமக்குத்தான் குடத்தின் சரித்திரம் தெரியுமே. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டினவை, குடவோலை முறையைச் சொல்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதின ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனைக் கொண்டு எடுக்க வைத்தார்கள். உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். குடத்துக்குள் போக என்ன தகுதி? கால்வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதப் படிப்பு. அது பார்ப்பனர்களின் சதுர்வேதி மங்கலம். பையனின் கை எந்த ஓலையில் படும் என்பது தற்செயல். எந்த ஓலை குடத்துக்குள் போகும் என்பதில் தற்செயல் மருந்துக்கும் கிடையாது.

கேஜின் குடத்தையும் இதே கேள்வியோடு திறந்து பார்த்தேன். ‘மியூசிக் ஆஃப் சேஞ்சஸ்’ அட்டவணைகளை நிரப்பினது அவர்தான். காசு அந்தக் கட்டங்களுக்குள்ளேதான் ஓட முடியும். ‘ஏரியா’வில் அதையும் பாடகியின் கையில் விட்டுவிட்டார். பத்துப் பாணிகளுக்கு எந்தெந்தக் குரலென்று பாடுகிறவரே முடிவு செய்யலாம். பெர்பெரியன் தேர்ந்தெடுத்தவை அச்சான குறிப்பின் முன்னுரையிலேயே இருக்கின்றன. கருநீலம் ஜாஸ். மஞ்சள் மேலைச் செவ்வியல் பெண்குரலின் துரித சஞ்சாரம். ஊதா, சினிமா நடிகை மார்லீன் டீட்ரிஷ். பச்சை நாட்டுப்புறம். இளநீலம் குழந்தை. பழுப்பு மூக்கால் பேசுவது. ஆரஞ்சு, கீழைநாட்டுக் குரல்.

அந்த ஆரஞ்சு நிறத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு ஜெர்மன் நடிகைக்குத் தனியாக ஒரு நிறம். உலக நாட்டுப்புறம் மொத்தத்துக்கும் ஒரு நிறம். துருக்கியிலிருந்து ஜப்பான் வரைக்கும், நடுவில் நம் மேலகரமும் வடகரையும் உட்பட, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு நிறம். கறுப்பு மக்கள் பஞ்சுக்காட்டிலும் சிறையிலும் தேவாலயத்திலும் வளர்த்த குரல்களுக்கு அந்தக் கருநீலம். பெர்பெரியன் பெரிய கலைஞர், அவருடைய பதிவைக் கேட்டால் வாய் பிளந்துவிடும். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு ஆசையில்லை. மனசைக் கழற்றி வைத்துவிட்டோம் என்று நம்பினவர்களின் குடத்திலும் இப்படித்தான் சீட்டு எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

கேஜுக்கு இந்தியா எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதும் ஒரு கதை. 1946-இல் அகமதாபாத்தின் பெரிய ஆலை முதலாளிக் குடும்பத்துப் பெண் கீதா சாராபாய் நியூயார்க் போய் அவரிடம் மேற்கத்திய இசை கற்றார். பதிலுக்கு இந்திய இசையைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார். இசை என்பது மனத்தை அடக்கி அமைதியாக்கித் தெய்வத்தின் வரவுக்குத் தயார் செய்வது என்று தன் குருவிடம் கேட்டதைச் சொன்னார். கேஜ் அதைக் கடைசி வரைக்கும் பிடித்துக்கொண்டார். 1964-இல் கன்னிங்ஹாம் நடனக் குழுவோடு இந்தியாவுக்கே வந்தார். மனத்தை அடக்கும் இந்தியாவை அவருக்குச் சொல்ல ஆள் இருந்தது. மனத்தைக் கிளப்புகிற இந்தியா, சுடலை கொடையில் மகுடம் அதிர அதிரக் கணியான் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு தொண்டையைக் கிழிக்கிற இந்தியா, அந்த வீட்டு வாசல் வழியாக வந்திருக்காது.

இனி ஜூலியஸ் ஈஸ்ட்மன். மாணவத் தோழர்கள் இந்தப் பெயரைத் தேடிக் கேட்க வேண்டும். கறுப்பர், ஒருபால் விருப்பமுள்ளவர், இசையமைப்பாளர், அதற்கு மேல் அசாத்தியமான பாடகர். பைத்தியக்கார ராஜாவின் பாடல்கள் எட்டு என்று பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் எழுதினதை ஈஸ்ட்மன் பாடி 1973-இல் இசைத்தட்டு வந்தது. மனிதத் தொண்டையில் இத்தனை அறைகளா என்று இருக்கும். 1975-இல் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில், கேஜ் முன்னிலையில், அவருடைய ‘சாங் புக்ஸ்’ நிகழ்த்தப்பட்டது. தற்செயல் முறையில் 1970-இல் எழுதின குரல் இசை. ஒழுங்கோடு ஒரு செயலைச் செய்யவும் என்று சொல்கிற ஒரு பகுதி ஈஸ்ட்மனிடம் வந்தது. அவர் காதல் செய்வது எப்படி என்று பேராசிரியர் தோரணையில் ஒரு நையாண்டிப் பிரசங்கம் செய்துகொண்டே மேடையில் ஒரு இளைஞனின் உடைகளைக் களைந்தார். கூட நின்ற பெண் தன் உடையைக் களைய மறுத்துவிட்டார். மறுநாள் கேஜ் பியானோவைக் குத்திக் கோபப்பட்டார். எதையும் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை, என் இசை தருகிற சுதந்திரம் பொறுப்பில்லாமல் இருப்பதற்கான சுதந்திரமில்லை என்ற பொருளில் பேசினார்.

ஈஸ்ட்மன் செய்தது சரிதானா என்று கேட்டால் எனக்கும் சந்தேகம் உண்டு, அந்தப் பெண்ணின் மறுப்பு என் மனசில் நிற்கிறது. ஆனாலும் பாருங்கள். குறிப்பில் அப்படி ஒரு தடை எழுதியிருக்கவில்லை. எழுதாத தடையை ஒரு கறுப்பு உடம்பு மீறின அன்றைக்குத்தான் அப்படி ஒரு தடை இருந்ததே எல்லாருக்கும் தெரிந்தது. நமக்கு இது பழகின விஷயம். டீக்கடையில் இரட்டைத் தம்ளர் என்று போர்டா எழுதி மாட்டியிருக்கிறான்? உள்ளே போய் உட்காரும்போது தெரியும். ஈஸ்ட்மன் பின்னால் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையெழுத்துப் பிரதிகளைப் பறிகொடுத்து, பூங்காவில் படுத்து, 1990 மே மாதம் 49 வயதில் இறந்தார். எட்டு மாதம் கழித்துத்தான் ஒரு பத்திரிகையில் இரங்கல் செய்தி வந்தது. ஜார்ஜ் லூயிஸ் என்ற கறுப்பு இசைக்கலைஞர் 1996-இல் ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பர்கள் மேடையில் கணத்துக்குக் கணம் புதிதாகச் செய்ததைச் சோதனை என்ற கணக்கில் சேர்க்காமல், வெள்ளையர்கள் தற்செயல் என்றும் நிச்சயமின்மை என்றும் பெயர் வைத்துச் செய்ததை மட்டும் சோதனை இசையின் வரலாறாக எப்படி எழுதினார்கள் என்பதை அதில் பிட்டுப் பிட்டு வைக்கிறார். நமக்கு அப்படியே பொருந்துகிறது.

பொருந்துகிறதா என்று சோதிக்க எனக்கே ஒரு வாய்ப்பு வந்தது. சில வருஷத்துக்கு முந்தி ஒரு பெருநகரத்தில், பெயர் எதற்கு, சோதனைக் குரல் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஏசி அறை, வழுவழுவென்று மரத்தரை. கோடுகள் போட்ட தாளைக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு நீளமான சரிவுக் கோடு, மேலிருந்து கீழே, நடுநடுவே முறிவு. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். என்னை அறியாமல் எங்க அத்தையின் இழுப்பு வந்துவிட்டது. அவள் சாவு வீட்டில் நெஞ்சில் அடித்துக்கொண்டு இறக்குவாளே, அந்த இறக்கம். நடத்தினவர் கையைத் தூக்கி நிறுத்தினார். ரொம்ப உணர்ச்சியா இருக்கு, உங்க ஊர்ப் பாட்டு வேண்டாம், வெறும் ஒலியா இருக்கட்டும் என்றார். அடுத்து ஒரு பெண், ஐரோப்பிய இசை நாடகப் பாணியில் அலறினார். அது வெறும் ஒலி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, தலைதான் கிறுகிறுத்தது. சத்தம் சத்தமாகவே இருக்கட்டும் என்று சொல்ல முடிகிறவனுக்கு அதற்கான வசதி இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு பறை அதிர்ந்தால் அது சத்தமாக மட்டும் இருந்ததே கிடையாது. யார் செத்தது, ஊரிலா குடியிலா, யார் வேலைக்குப் போகாமல் அங்கே போய் நிற்கணும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

நம் குரலை மாற்றான் எடுத்து எழுதுவது தென்காசிக்குப் புதுசில்லை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சி எழுதினார். குறத்தி மலைவளம் சொல்கிறாள், குறி சொல்கிறாள். சிங்கன் பறவை பிடிக்கிறான், சிங்கியைத் தேடி அலைகிறான். அருமையான நூல், நானே எம்.ஏ.யில் ரசித்துப் படித்தேன். மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அதற்காகக் கவிராயருக்கு நிலம் மானியம் விட்டார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். குறத்தியின் வாய்க்கு விலை வந்தது, குறவர்களுக்கு ஒரு குழி நிலம் வந்ததாகத் தெரியவில்லை. 1944-இல் கலாட்சேத்திராவில் ருக்மிணி தேவி அதை நாட்டிய நாடகமாக்கினார். குறத்தி பட்டுக் கட்டிக்கொண்டு மேடையேறினாள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அப்படியானால் எதற்கு இந்தச் சோலி என்று தோழர் மறுபடியும் கேட்பார். அவர் கேள்வியை அவருக்கு முன்னாலேயே ஒருத்தர் கேட்டிருக்கிறார். கார்னீலியஸ் கார்டியூ, இங்கிலாந்துக்காரர். வரைபட இசைக்குறிப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. 1963-லிருந்து 1967 வரை எழுதின ‘ட்ரீட்டிஸ்’ 193 பக்கம், கோடுகளும் வட்டங்களும்தான், எப்படி வாசிக்கணும் என்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. 1969-இல் இசை படிக்காதவர்களையும் சேர்த்து ‘ஸ்கிராட்ச் ஆர்க்கெஸ்ட்ரா’ என்று ஒரு குழு ஆரம்பித்தார். அப்புறம் மாவோயிஸ்டு ஆனார். 1974-இல் ‘ஸ்டாக்ஹவுசன் ஏகாதிபத்தியத்துக்குச் சேவை செய்கிறார்’ என்று ஒரு புத்தகமே போட்டார். கேஜையும் விடவில்லை, தன் பழைய வேலைகளையும் விடவில்லை, போட்டுத் தாளித்தார். தொழிலாளர்களுக்கு நேரடியாகப் பாட்டு எழுதினார். 1981 டிசம்பரில் லண்டனில் ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. செத்துப்போனார்.

கார்டியூவின் கோபத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. பாட்டுக்குச் சொற்கள் வேண்டும். இன்குலாபின் ‘மனுசங்கடா’ கே.ஏ.குணசேகரன் குரலில் கேட்டு நிமிர்ந்த தலைமுறை நாம், அதை விட்டுக்கொடுக்க முடியாது. 2018-இல் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறினபோதும் சொல்தான் அடித்தது. ஆனால் அவர் தூக்கி எறிந்ததில் ஒன்றை நான் பொறுக்கி வைத்திருக்கிறேன். ‘தி கிரேட் லேர்னிங்’ என்ற பெரிய படைப்பின் ஏழாவது பத்தி. பயிற்சி இல்லாத குரல்களுக்காக எழுதினது. ஆளாளுக்கு ஒரு சுருதியில் தொடங்க வேண்டும். ஒரு சொல்லை ஒரு மூச்சு முழுக்க இழுக்க வேண்டும், அப்படிக் குறிப்பிட்ட தடவை. பிறகு அடுத்த வரிக்கு, கூட்டத்தில் நடந்துபோய்ப் பக்கத்தில் யார் குரலாவது காதில் விழுந்தால் அந்தச் சுருதியை எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் விதி. ஆரம்பத்தில் சந்தைக்கடை மாதிரி இருக்கும். போகப் போகச் சுருதிகள் குறைந்து குறைந்து ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பிக்கும். யாரும் தாளம் போட்டு நடத்தவில்லை. இது எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. நடவு வயலில் குலவை போடுவதும் ஒப்பாரியில் ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி பிடிப்பதும் இந்த மாதிரிதான். பக்கத்தில் நிற்கிறவளைக் கேட்காமல் அதைச் செய்யவே முடியாது. அகிலஇந்திய மாநாடுகளில் நாம் போடுகிற கோஷத்தில் இது கிடையாது. ஒருவன் சொல்வான், ஐநூறு பேர் திருப்பிச் சொல்வோம்.

களத்தில் முதல் நாள் நாங்கள் பாடினது இந்த ஏழாவது பத்தியும் எங்கள் சொந்தக் கோடுகளும் கலந்தது. சீட்டுகளைப் பையன்களே எழுதினார்கள். மாட்டை அதட்டுவது, பேருந்தில் நடத்துநர் விசில், கிரிக்கெட்டில் அவுட் கேட்பது, தூக்கத்தில் பினாத்துவது, கிளி விரட்டுவது, ஒப்பாரி. ஒப்பாரி என்று எழுதிப் போட்டது நான்தான். முகாமில் மறுக்கப்பட்டதை இங்கே குடத்தில் போட்டுப் பழி தீர்த்துக்கொள்வதாக நினைப்பு.

அத்தைக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. வேலிக்கால் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பி.காம். மாணவனுக்கு அந்தச் சீட்டு வந்தது. அவன் நன்றாகவே செய்தான், சிரிப்புக் காட்டாமல். முடிந்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

“ஏல, அந்தப் பயலுக்கு அதை யாரு குடுத்தா?”

“யாரும் குடுக்கல அத்தை. குடத்துல குலுக்கி எடுத்தான்.”

“நாங்களும் குலுக்கித்தாம்லே போனோம்.”

அப்புறம் சொன்னாள். அந்தக் காலத்தில் ஊரில் சாவு விழுந்தால் குடியிலிருந்து கொட்டடிக்க ஆண்களும் மாரடிக்கப் பெண்களும் போகணும், முறை வைத்து. மழைக்காலத்தில் ஒரே நாளில் ரெண்டு சாவு விழுந்துவிட்டால், எந்த வீட்டுக்கு யார் என்று தீக்குச்சியை ஒடித்துப்போட்டு எடுப்பார்களாம். குட்டைக் குச்சி வந்தவள் தூரத்து வீட்டுக்கு நனைந்துகொண்டே போகணும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் போகணும். போய் அழணும். வெறும் அழுகை ஆகாது, அந்த வீட்டுக்காரன் பெருமையைச் சொல்லி அழணும். ஒருமுறை அவளுக்குக் குட்டைக் குச்சி வந்து, தன்னை வயல்வரப்பில் வைத்து அடித்தவனின் பிரேதத்துக்கு மாரடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உத்திரமேரூர்க் குடத்தைப் பற்றி எவ்வளவு படித்து என்ன? என் குடத்தில் நான் என்ன எழுதிப் போட்டேன் என்று யோசிக்கவில்லை.

1990-களில் நம் பத்திரிகைகளில் ஒரு விவாதம் நடந்தது, பழைய தோழர்களுக்கு ஞாபகம் இருக்கும். பறை இழிவின் சின்னமா, விடுதலையின் கருவியா என்று. எல்.இளையபெருமாள் மாதிரித் தலைவர்கள் அதற்கு வெகுகாலம் முந்தியே பறையடிக்காதே, செத்த மாடு தூக்காதே என்று ஊர் ஊராகச் சொன்னவர்கள். அதைக் கேட்டுக் கொட்டைக் கீழே வைத்தவர்கள் அடிபட்டார்கள், ஊர்க்கிணறும் கடையும் வேலையும் மறுக்கப்பட்டு நின்றார்கள். 1952-இல் கேஜின் ‘4 நிமிடம் 33 நொடி’ முதன்முதலாக மேடையேறினபோது பியானோக்காரர் மூடியைச் சாத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். இசை உலகமே இன்றுவரை அந்த மௌனத்தைப் பேசுகிறது. பறையைக் கீழே வைத்த குடியின் மௌனம் எத்தனை நாள் நீடித்தது, அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று எந்த இசை வரலாற்றில் இருக்கிறது? இன்னொரு பக்கம், திண்டுக்கல் சக்திக் கலைக்குழுப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினதும், 2025-இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்ததும் நம் கண்முன் நடந்தவை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அடிப்பதா வேண்டாமா என்பதை அடிக்கிறவன் சொல்லணும். அதைச் சீட்டும் சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது.

இரண்டாம் தடவை கூடினபோது ஒரு விதியைச் சேர்த்தோம். குலுக்குவதற்கு முன்னால் குடத்தைக் கவிழ்த்து எல்லாச் சீட்டையும் சத்தமாகப் படிப்பது. யாருக்காவது எதையாவது எடுத்துவிடணும் என்றால் காரணம் சொல்லாமல் எடுத்துவிடலாம். எதையாவது சேர்க்கணும் என்றாலும் சேர்க்கலாம். தற்செயல் முறைக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள், பிடித்ததும் பிடிக்காததும் உள்ளே வந்துவிடுகிறதே என்பார்கள். வரட்டும். மூன்று பெண்கள் அன்றைக்குப் புதிதாக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி நடத்துநர் விசிலை எடுத்துவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் பேருந்தில் போகிற பெண்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அத்தையும் வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது, ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒப்பாரி என்றதும் கையை நீட்டி வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். கிளி விரட்டுவது என்றதும், “அதை எவன் செஞ்சான் அன்னைக்கு? காக்கா விரட்டுன மாதிரில்லா இருந்துச்சு” என்றாள். எழுந்து நின்று, மேற்கே மலையைப் பார்த்து, நாக்கை மேலண்ணத்தில் சுழற்றி ஒரு குரல் கொடுத்தாள். நெல் பால்பிடிக்கிற சமயம் பத்து வயசில் பரண்மேல் உட்கார்ந்து போட்ட சத்தமாம். அதைத் தாளில் எப்படி வரைவது என்று பையன்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தன் சுருள் கம்பி மாதிரி போட்டான், ஒருத்தன் புள்ளி புள்ளியாக. அத்தை ரெண்டையும் பார்த்துவிட்டு, இது இல்ல என்று சொல்லிவிட்டாள். தோழருக்கு நேரமிருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் களத்துக்கு வரலாம். டிஎன்பிஎஸ்சி வகுப்பு காலையில்தான், அதையும் விடவில்லை.